கதவைத் திறக்க ஐந்து நாள்

மார்ச் 3, காலை 10 மணி

தம்பிக்கு,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. விடிந்ததும் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். பல் தேய்க்க எழுந்தவர் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு மை தொட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூச்சுப் பேச்சில்லை. இப்போது மாஸ்க் போட்டிருக்கிறார்கள். கண் திறக்கிறார், மூடுகிறார்.

டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். முப்பது வருடம் பாலிஷ் பட்டறையில் உள்ளே போன கல்தூசி நுரையீரலில் இடம் மிச்சம் வைக்கவில்லை. அதன் மேல் இப்போது சளிக்காய்ச்சல். மாஸ்க் சாயங்காலம் வரை தாங்கலாம். அதற்குப் பிறகு தொண்டைக்குள் குழாய் இறக்கி, இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விட வேண்டும். அதற்கு வீட்டார் கையெழுத்து வேண்டுமாம்.

ஜனவரியில் ஒரு நாள் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது அப்பா சொன்னார்: "குழாய் வேணாம். சொல்லிட்டேன்." உனக்குத் தெரியாது, அவர் இப்போதெல்லாம் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசுவதில்லை. அதற்கு மேல் காற்று வராது. அதனால் யோசிக்காமல் ஒரு வார்த்தையும் விடமாட்டார்.

என் ஒருத்தியின் முடிவென்றால் இந்நேரம் எடுத்திருப்பேன். நாளைக்கு நீ வந்து, என்னைக் கேட்டாயா என்று நிற்பாய். அதனால் கேட்கிறேன். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக் கணினியிலிருந்து உன் கம்பெனி விலாசத்துக்கு அனுப்புகிறேன். நாலு மணிக்குள் பதில் வேண்டும்.

அக்கா


மார்ச் 3, மதியம்

அக்காவுக்கு,

போடச் சொல். யோசிக்காமல் கையெழுத்துப் போடு. நான் வரும்வரை அவர் மூச்சு ஓட வேண்டும். அவரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

வருவதில்தான் சிக்கல். முந்தாநாள்தான் எங்களை உள்ளே விட்டு அடைத்தார்கள். நீ இதைப் பார்த்ததில்லையே. கப்பலின் மேல்தளத்தில் ஓர் இரும்பு உருளை, நம் வீட்டுச் சமையலறை அளவுதான். மூன்று பேர். கடலுக்கடியில் நூற்றிருபது மீட்டரில் என்ன அழுத்தமோ, அதையே இதற்குள் ஏற்றி வைத்திருக்கிறார்கள். தினமும் ஒரு கூண்டில் அடைத்துக் கடலுக்குள் இறக்குவார்கள். அடியில் ஓடும் எண்ணெய்க் குழாய்க்கு வெல்டிங் வைத்துவிட்டு அதே கூண்டில் ஏறி இதற்குள்ளேயே திரும்பி வருவோம். கதவுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் ஒருவர் டீ குடித்தபடி எங்களுக்குப் போகும் காற்றைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். காற்றுக்காரர் என்று கூப்பிடுகிறோம். ஆனால் அந்தக் கதவைச் சட்டென்று திறந்தால், குலுக்கின சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தம் பொங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் குறைத்துத்தான் வெளியே விடுவார்கள். அதற்கு ஐந்து நாள். யார் வந்து சொன்னாலும் ஐந்து நாள்தான்.

போனில் பேசலாமே என்பாய். இங்கே நாங்கள் சுவாசிப்பது ஹீலியம் கலந்த காற்று. வாயைத் திறந்தால் வாத்து கத்துகிற மாதிரி வரும். அப்பா காதில் என் குரல் அப்படி விழ வேண்டாம். நான் பென்சிலில் எழுதுவதைக் காற்றுக்காரர் படம் பிடித்து அனுப்புவார். நீ எழுதுவதை அச்செடுத்து, சாப்பாடு தள்ளுகிற சின்ன இரட்டைக் கதவு வழியாக உள்ளே கொடுப்பார்.

வெளியே எடுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். எட்டாம் தேதி வந்துவிடுவேன். அதுவரை பிடித்து வை.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு நாலரை மணிக்குக் குழாய் இறக்கினார்கள்.

காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம் உள்ளே விடுகிறார்கள். இயந்திரம் நிமிஷத்துக்குப் பதினாறு தடவை அவர் நெஞ்சைத் தூக்கி இறக்குகிறது. இத்தனை வருடத்தில் அப்பா இவ்வளவு ஒழுங்காக மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. பார்க்க நன்றாக இருக்கிறது. அதுதான் பயமாகவும் இருக்கிறது.

நேற்று மயக்க மருந்தைக் குறைத்தார்கள். கண் விழித்தவர் முதல் வேலையாகக் குழாயைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். அதனால் இரண்டு கையையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டார்கள். நான் போய் நின்றதும் என்னையே பார்த்தார். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. துடைத்துவிட்டு, தம்பி வர்றான்ப்பா என்றேன். முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

வீட்டில் ஆக்சிஜன் மெஷினை அணைத்து வைத்திருக்கிறேன். அதற்கு அவர் வைத்த பெயர் உனக்குத் தெரியாது. வீட்டோட மாப்பிள்ளை. நாள் பூராவும் மூலையில் உட்கார்ந்து உறுமிக்கொண்டு கரண்ட்டைத் தின்கிறதாம். அவர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும், கூடவே சுருக்கென்றும் இருக்கும். அதன் குழாய் ஒன்பது மீட்டர். அந்த ஒன்பது மீட்டருக்குள் அவர் இருந்தார். அவர் இருமினால் காதில் விழும் தூரத்துக்குள் நான் இருந்தேன்.

லென்ஸ் கம்பெனி விற்பனையாளர் என்னைப் பெண் கேட்டு வந்தபோது நீ போனில் சொன்னதை மறந்திருப்பாய். "நீ போயிட்டா அவர் மூச்சு நின்னுடும்க்கா." அதற்குப் பிறகு கல்யாணத்தைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. உன்னோடும் பேசவில்லை. அந்த விற்பனையாளருக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. போன மாதம் கடைக்கு வந்தபோது படம் காட்டினார்.

எட்டாம் தேதி எத்தனை மணிக்கு?

அக்கா


மார்ச் 8, காலை

தம்பிக்கு,

எந்தத் துறைமுகம், எத்தனை மணி என்று கேட்க உன் கம்பெனி ஆபீசுக்குப் போன் செய்தேன். எடுத்த அம்மா தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெளிய வரணும்னு அங்கேருந்து யாரும் கேக்கலையேங்க. அவங்க இருபத்தெட்டாம் தேதிதான் வர்றாங்க."

நீ சொன்னாய் என்று நான் கையெழுத்துப் போட்டேன். நான் கையெழுத்துப் போட்டதால் அவர் கையைக் கட்டியிருக்கிறார்கள்.

இனி நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா


மார்ச் 8, மாலை

அக்கா,

ஆமாம், கேட்கவில்லை. பொய்தான் சொன்னேன்.

ஒரே அறை என்பதால் மூவரும் சேர்ந்துதான் வெளியே வர முடியும், என்னால் மற்ற இருவரின் வேலையும் கெடுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை.

அம்மா உயிரோடு இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை மதியம் நீயும் அவளும் கடைக்குப் போவீர்கள், ஞாபகமிருக்கிறதா. அப்பா தூங்குவார். பக்கத்தில் என்னை உட்காரவைத்து, அப்பாவைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். எட்டு வயதில் எப்படிப் பார்த்துக்கொள்வது? நான் எண்ணுவேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் எண்ணுவேன். ஆறு, ஏழு என்று போகும்போது என் மூச்சையும் பிடித்துக்கொள்வேன். அவர் விட்ட பிறகுதான் நான் விடுவேன். நீங்கள் வருவதற்குள் எனக்குத் தலை சுற்றும். உங்களிடம் சொன்னதில்லை.

அந்தச் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்துத்தான் கடலுக்கு வந்தேன். இங்கேயும் இரண்டு பேர் பக்கத்தில் மூச்சு விடுகிறார்கள். ஒருவருக்குப் பெயரே குறட்டை. ஆனால் இவர்களுக்கு ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள வெளியே ஆள் இருக்கிறார். எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது. உன் முதல் கடிதம் வந்தபோது, ஐந்து நாள் ஆகுமே என்று நினைத்ததும் உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. அதை எழுத எனக்குக் கை கூசுகிறது.

போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. அது அவருக்காகச் சொன்னதில்லை. நீ போனால் நான் வர வேண்டியிருக்குமே, அதற்காகச் சொன்னது.

இன்று உன் காகிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்களில் மூத்த வெல்டர், பெரியவர் என்று கூப்பிடுவோம், என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "மொத நாளே வாயத் தொறந்திருந்தா இந்நேரம் ஊர்ல இருந்திருப்பே" என்றார். அந்த வாத்துக் குரலில் திட்டினாலும் வேடிக்கையாகத்தான் இருக்கும். குறட்டை சிரித்தார், நானும் சிரித்தேன், பிறகு சிரிப்பு எங்கே நின்று அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே வார்த்தையில் சரி என்றார்கள்.

மூன்று மணிக்கு அழுத்தத்தைக் குறைக்க ஆரம்பித்துவிட்டார்கள். பதின்மூன்றாம் தேதி கதவு திறக்கும். ஆபீசில் விசாரித்துக்கொள், இனி என்னை நம்ப வேண்டாம்.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

விசாரித்தேன். நிஜம்தான்.

இன்று காலை டாக்டர் காய்ச்சல் விட்டுவிட்டது, குழாயை எடுத்துப் பார்க்கலாம் என்றார். தாங்கலாம், தாங்காமலும் போகலாம். தாங்காவிட்டால் திரும்பப் போடுவதா, விட்டுவிடுவதா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். நான் அவரையே கேட்கலாமா என்றேன். தெளிவாகத்தான் இருக்கிறார், கேளுங்கள் என்றார்.

ஏன் கேட்டேன் என்று உனக்குச் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. நேற்று மாலை அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும்போது, இது நின்றால் யாருக்கு விடுதலை, அவருக்கா எனக்கா என்று தோன்றியது. பதில் தெரியவில்லை. தெரியாதவள் முடிவெடுக்கக் கூடாது.

நர்ஸ் வலது கையை அவிழ்த்துவிட்டார். மடியில் அட்டை வைத்துப் பேனா கொடுத்தேன். முதலில் எழுதியது: கண்ணாடி. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. பதினெட்டு வருடமாக ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் மாட்டிவிடுகிறேன், என் அப்பாவை ஒரு வாரம் ஒன்றும் தெரியாமல் படுக்க விட்டிருக்கிறேன். என் கைப்பையில்தான் இருந்தது. துடைத்து மாட்டினேன். சுற்றிப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், கடைசியில் என்னை.

அடுத்து எழுதினார்: யார் போடச் சொன்னது. நான்தான் என்றேன். உன்னை இழுக்கவில்லை. அதற்கு எனக்கு நன்றி சொல்லாதே.

எடு, என்று எழுதினார். நான் சொன்னேன், தம்பி வெளியே வரவே மூணு நாள் ஆகும், எடுத்தா அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியாதுப்பா, தாங்கலேன்னா திரும்பப் போடட்டுமா. பேனா கொஞ்ச நேரம் காகிதத்தின் மேலேயே நின்றது. பிறகு கோணல்மாணலாக எழுதினார்:

என் மூச்சை நான் பாத்துக்கிறேன்.

பதினொன்றே கால் மணிக்கு எடுத்தார்கள். இருமினார், இருமினார், அப்புறம் ஒன்றுமே இல்லை. கழுத்துக் குழி உள்ளே போனது, வெளியே வரவில்லை. டாக்டர் அவர் தோளைத் தட்டினார். பிறகு ஒரு சத்தம், துருப்பிடித்த குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி. அப்புறம் இன்னொன்று.

முதல் வார்த்தை "தண்ணி." இன்னும் சில மணி நேரத்துக்குக் கொடுக்கக் கூடாதாம். நானே மறைத்து வைத்துக்கொண்டு கொடுக்காத மாதிரி என்னைப் பார்த்தார்.

இப்போது நிமிஷத்துக்கு இருபத்தெட்டு. சில சமயம் முப்பது. ஒழுங்கு என்பதே கிடையாது. அவருடைய மூச்சுதான்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

படித்துவிட்டு அப்படியே படுத்துவிட்டேன். முதலில் கோபம்தான் வந்தது. மூன்று நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று. ஐந்து நாளை வீணடித்தவன் நான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

சுவரில் ஒரு மீட்டர் இருக்கிறது. நூற்றிருபதிலிருந்து இறங்கிய முள் நாற்பத்தெட்டில் நிற்கிறது. நகர்வது கண்ணுக்குத் தெரியாது. வேறெங்காவது பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு கோடு குறைந்திருக்கும். அதனால் வேண்டுமென்றே வேறெங்காவது பார்க்கிறேன். இந்த அறையில் பார்க்க என்ன இருக்கிறது, குறட்டையின் பாதம்தான். எத்தனையோ தடவை இருபத்தெட்டு நாள் இப்படி இருந்திருக்கிறேன், ஒரு நாளும் சுவர் கிட்டே வந்ததில்லை. இப்போது வருகிறது. காலையில் எழுந்துபோய் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேமராவில் பார்த்துவிட்டுக் காற்றுக்காரர் ஸ்பீக்கரில் சொன்னார்: "அது உள்ளேருந்தும் தொறக்காது, வெளியேருந்தும் தொறக்காது தம்பி. போய் உக்காரு."

சமமாக மூச்சு விடு என்றும் சொன்னார். என்னால் அது முடியவில்லை. அடியில் வேலை செய்யும்போது ஒரே சீராக மூச்சு விடுபவன் என்று எனக்குப் பெயர்.

என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

கேட்டார். "உள்ள என்ன சாப்பிடறான்?" அதுதான் கேட்டார். தெரியாது என்றேன். ஒரு பிள்ளையைப் பற்றி இதுகூடத் தெரியாமலா இருக்கிறாய் என்கிற மாதிரிப் பார்த்தார். வந்ததும் நீயே சொல்.

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புவார்கள். நீயும் அன்றைக்கு வந்துவிடுவாய். மாப்பிள்ளையைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறேன். வடிகட்டியை வாரம் ஒரு தடவை கழுவ வேண்டும். மல்லாந்து படுக்கமாட்டார், மூன்று தலையணை வேண்டும். கஞ்சியை நாலு வாய்க்கு ஒரு தடவை நிறுத்தி, மூச்சு வாங்கவிட்டு, பிறகு கொடு. அவசரப்பட்டால் புரையேறும். அவர் பேசும்போது நடுவில் நீ வாக்கியத்தை முடித்துவைக்காதே. ரொம்பக் கோபம் வரும்.

இதையெல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், பதினாறாம் தேதி நான் கிளம்புகிறேன். எங்கள் கடைக்கு இன்னோர் ஊரில் கிளை இருக்கிறது, பஸ்ஸில் ஆறு மணி நேரம். பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மூன்று தடவை கேட்டார்கள், முடியாது என்றேன். நேற்று நானே போய்க் கேட்டேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். தலையசைத்தார்.

உன்னைக் கேட்கவில்லை, சொல்கிறேன். நான் போனால் அவர் மூச்சு நின்றுவிடும் என்றாயே, நிற்கிறதா என்று எனக்கும் தெரிய வேண்டும்.

அக்கா


மே 9

அக்கா,

எல்லாம் முடிந்து நீ பஸ் ஏறி நாலு நாள் ஆகிறது. வீட்டில் ஆட்கள் இருந்தபோது சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

அப்பாவிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தேனே, அதை ஏப்ரலில் ஒரு நாள் ஷேவ் செய்துவிடும்போது சொன்னேன். உங்க மூச்சுச் சத்தத்துக்குப் பயந்துதான்ப்பா ஓடிப்போனேன் என்றேன். நுரை பூசின முகத்தை என் பக்கம் திருப்பினார். "எனக்கும் பயந்தான்டா" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் திணறும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். அதுவரை கட்டில் விளிம்பைத்தான் பிடிப்பார்.

இரண்டாம் தேதி காலை ஏழு மணியிலிருந்தே சரியில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்றேன். "வீட்லயே" என்றார். டாக்டருக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தால் மறுபடி குழாய்தான், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உன்னைப் போடச் சொல்லி விரட்டிய அதே வாயால் சொன்னேன்.

ஒன்பது மணிக்கு உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அப்பா பார்த்துவிட்டார். தலையை ஆட்டினார். "அவள விடு" என்றார். அடுத்த வார்த்தைக்குக் காற்று சேரக் காத்திருந்தார். "மூச்சு விடட்டும்."

போனைக் கீழே வைத்துவிட்டேன். மூச்சுக்கு மூச்சு இடைவெளி நீண்டுகொண்டே போனது. நான் எண்ணவில்லை. கையைப் பிடித்தபடி இருந்தேன். பத்து ஐம்பதுக்கு முடிந்தது. உன்னைக் கூப்பிட்டது பதினொன்று அடித்த பிறகு.

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று நீ கேட்பாய் என்று மூன்று நாளும் காத்திருந்தேன். நீ கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் தேவலை.

தம்பி


மே 14

தம்பிக்கு,

உன் கடிதத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். பதில் எழுத நாலு நாள் ஆயிற்று.

போகாதே என்றாய் அன்றைக்கு. வர வேண்டாம் என்று நீயும் அவரும் சேர்ந்து முடிவு செய்தீர்கள் இன்றைக்கு. இரண்டு தடவையும் யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் அவருக்குப் பேனா கொடுத்துக் கேட்டேனே தம்பி. எனக்கு ஒரு போன். ஆறு மணி நேர வழி, உயிர் இருக்கும்போது வந்து சேர்ந்திருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன், அவரை நோக்கி வந்துகொண்டாவது இருந்திருப்பேன்.

நீ செய்தது தப்பு என்றும் எனக்குச் சொல்ல வரவில்லை. அவர் வாயால் சொன்னதை நீ கேட்டாய். நான் கேட்காமல் அவர் கையைக் கட்டவைத்தேன். எங்கே திரும்பினாலும் இதில் வந்துதான் முட்டிக்கொள்கிறேன். குழாய் வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்னாயே, அது ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

பத்து ஐம்பது என்று நீ எழுதியதைப் பார்த்ததும் கடையின் பில் புத்தகத்தைப் புரட்டினேன். எங்கள் பில்லில் மணியும் அச்சாகும். அன்றைக்கு 10.52க்கு ஒரு பில் இருக்கிறது. எனக்கு நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. பார்வை பாதி போய்விட்ட ஒருவருக்குப் புதுக் கண்ணாடி மாட்டிவிட்டேன். காதுப் பக்கம் சரிசெய்தேன். அவர் மெதுவாகத் திரும்பி, பக்கத்து நாற்காலியில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்து, "நீ எப்ப வந்தே?" என்றார். அந்த அம்மா அசராமல், "முப்பத்திரண்டு வருஷமாச்சு" என்றார்.

நான் சிரித்தேன் தம்பி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அடக்கப் பார்த்தால் இன்னும் வருகிறது. மூச்சு வாங்கி, மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிட்டது. அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் அப்படிச் சிரித்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

அப்பா அங்கே கடைசியாக மூச்சு விட்ட நேரத்தில் நான் இங்கே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அதற்காக அழ வேண்டுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அக்கா